மூன்றடி ரீஃப் தொட்டிக்கு எந்த லைட் வாங்குவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. ஹாலில் 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரத்தில் விளிம்பில்லாத கண்ணாடித் தொட்டி. உப்புநீர் ஊற்றி மூன்று மாதம் ஆகிறது, கிளவுன் மீன் ஒரு ஜோடி இருக்கிறது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் இருக்கிறது. இனி பவளம் வைக்க வேண்டும்: முதலில் ஸோவா, மஷ்ரூம், பிறகு ஹேமர், டார்ச், ஒரு வருடம் போன பிறகு முடிந்தால் அக்ரோபோரா. லைட்டுக்கு 800 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் போக முடியாது. கடைக்காரர் ஒரே ஒரு பெரிய லைட்டைக் காட்டுகிறார், இணையத்தில் 165 வாட் கறுப்புப் பெட்டி லைட் மலிவாகக் கிடைக்கிறது, தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய பழைய 250 வாட் மெட்டல் ஹேலைடு பல்பு லைட்டைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். எதை எடுக்கலாம்?

என் பதில்: நடுத்தர சக்தியில் இரண்டு எல்இடி லைட் எடுங்கள், தொட்டியின் இடது பாதிக்கு ஒன்று, வலது பாதிக்கு ஒன்று. ஒரே பெரிய லைட் வேண்டாம், மெட்டல் ஹேலைடும் வேண்டாம். கறுப்புப் பெட்டியை நான் கேவலமாகப் பேச மாட்டேன், ஆனால் உங்கள் தொட்டியின் அளவுக்கு அது பொருந்தவில்லை. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் நாளைக்குக் கடையில் வேறு மாடல் இருந்தாலும் நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளலாம்.

லைட் வாங்கும்போது எல்லோரும் கேட்பது "இது எவ்வளவு பவர்?" என்பதைத்தான். அதைவிட முக்கியமானது அந்த வெளிச்சம் எவ்வளவு சமமாகப் பரவுகிறது என்பது. எல்இடி லைட் என்பது உள்ளங்கை அகலத்தில் டையோடுகளை நெருக்கி வைத்து, மேலே லென்ஸ் போட்ட ஒரு சின்ன இடம், அங்கிருந்துதான் மொத்த வெளிச்சமும் கிளம்புகிறது. 90 செ.மீ. தொட்டியின் நடுவில் அப்படி ஒன்றைத் தொங்கவிட்டுவிட்டு, பவளத்துக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் மீட்டரின் சென்சாரைத் தண்ணீருக்குள் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நேர் கீழே பாறை உச்சியில் 350, 400 என்று நிற்கும் எண், ஓரத்தை நோக்கித் தள்ளத் தள்ளப் பாதிக்கும் கீழே இறங்கி, கண்ணாடி மூலையில் மணல் மேல் வைக்கும்போது 40, 50 என்று ஆகியிருக்கும். நம் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. கண் தன்னைத் தானே சரிசெய்துகொண்டு தொட்டி முழுக்க ஒரே மாதிரி பளிச்சென்று இருப்பதாகத்தான் காட்டும். ஆனால் நடுவில் வைத்த ஹேமர் வெளுத்துக்கொண்டிருக்கும், ஓரத்தில் வைத்த ஸோவா காம்பை நீட்டி வெளிச்சத்தைத் தேடிக்கொண்டிருக்கும், நீங்களோ தண்ணீரில் என்ன கோளாறு என்று டெஸ்ட் கிட்டை எடுத்துக்கொண்டு அலைந்துகொண்டிருப்பீர்கள்.

இரண்டு லைட் போடும்போது இன்னொரு நன்மை நிழல். பவளம் அசையாது, மேல்பக்கம் வளர வளரத் தன் அடிப்பக்கத்தைத் தானே மறைத்துக்கொள்ளும். கிளை கிளையாக வளரும் அக்ரோபோராவில் அடிக் கிளைகள் நிழலில் மாட்டி மெல்ல வெறும் எலும்பாகிவிடுவது அடிக்கடி பார்க்கிற விஷயம். இரண்டு கோணத்திலிருந்து வெளிச்சம் வந்தால் ஒன்றின் நிழலை இன்னொன்று நிரப்பும். டி5 குழல் விளக்கில் வளர்த்த பழைய ஆட்கள் இன்றைக்கும் அதை விட மனமில்லாமல் பேசுவது இதனால்தான், தொட்டி நீளத்துக்கு வெளிச்சம் விழும், நிழலே இருக்காது.

சரி, எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? இதற்குப் பார் என்ற அளவுதான் கணக்கு. 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பது அது. பவளத்தின் சதைக்குள் ஸூக்ஸாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது, அது ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. நீங்கள் லைட் வாங்குவது உண்மையில் அந்தப் பாசிக்குத்தான். மஷ்ரூமுக்கு 50 முதல் 100 பார் போதும், பல நேரம் அதற்குக் கீழேயே சந்தோஷமாக விரிந்து கிடக்கும். ஸோவா, லெதர் வகைகள் 80 முதல் 150. ஹேமர், டார்ச் 100, 150 சுற்றி. அக்ரோபோரா போன்ற எஸ்பிஎஸ் (சின்னப் பாலிப் கல்பவளம்) வகைகளுக்கு 200 முதல் 350. வெப்பமண்டலத்தில் நடுப்பகல் வெயில் தண்ணீர்ப் பரப்பில் ஏறத்தாழ 2000 இருக்கும், அதோடு ஒப்பிட்டால் இவையெல்லாம் சின்ன எண்கள்தாம். ஆனால் பவளம் அந்த 2000 வாங்குவதற்கு ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஓர் அளவுக்கு மேல் ஒளிச்சேர்க்கை அதிகரிக்காது, அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேலும் வெளிச்சம் விழுந்தால் செல்லுக்குள் ஆக்சிஜன் விஷமாக மாற ஆரம்பித்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பவளம் அந்தப் பாசியையே வெளியே தள்ளிவிடும். நாம் பிளீச் ஆகிவிட்டது என்கிறோமே, அதுதான் இது. கடல் சூடேறும்போது ரீஃப்கள் வெளுப்பதும் கிட்டத்தட்ட இதே வழியில்தான், சூடும் வெளிச்சமும் சேர்ந்து அடிக்கும். சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்களும் 1998, 2010, 2016, 2024 என்று திரும்பத் திரும்ப வெளுத்திருக்கின்றன.

அந்தத் தென்தீவுப் பவளங்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் கடல் கலங்கல். வண்டல் மிதந்துகொண்டே இருப்பதால் ஏழெட்டு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே வெளிச்சம் பெரிதும் குறைந்துவிடுகிறது. அந்த மங்கலிலும் 250 வகைக்கு மேற்பட்ட கல்பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. அதனால் "பவளம் என்றாலே கண்ணைக் கூசும் லைட் வேண்டும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கிருந்து வந்தது, எந்த ஆழத்தில் வளர்ந்தது என்பதைப் பொறுத்தது. நீங்கள் முதல் வருடம் வைக்கப்போகிற ஸோவா, மஷ்ரூம், ஹேமர், டார்ச் எல்லாமே மிதமான வெளிச்சத்துக்காரர்கள். 45 செ.மீ. ஆழமே உள்ள தொட்டியில் அவர்களைத் திருப்திப்படுத்துவது கஷ்டமே இல்லை. புதியவர்கள் தொட்டியில் வெளிச்சம் போதாமல் செத்த பவளத்தைவிட, வெளிச்சம் அதிகமாகியோ திடீரென்று மாறியோ செத்ததுதான் அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது நிறம். நல்ல ரீஃப் லைட்டைப் போட்டால் தொட்டி நீலமாக இருக்கும், பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஏன் இப்படி என்று கேட்பார்கள். காரணம் எளிது. கடல்நீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும், சில மீட்டருக்குள் அது காணாமல் போய்விடும், நீலம் ஆழம் வரை இறங்கும். பவளத்துக்குள் இருக்கும் பாசியும் அதற்கு ஏற்ற மாதிரி தயாராகியிருக்கிறது. அதன் குளோரோஃபில் ஏ-யும் சி2-வும் 430, 450 நானோமீட்டர் பக்கம் நன்றாக உறிஞ்சும், பெரிடினின் என்ற இன்னொரு நிறமி அங்கிருந்து பச்சை வரை பிடித்துக்கொள்ளும். ஆகவே 400 முதல் 480 வரை உள்ள ஊதா, நீலம் உங்கள் லைட்டில் வலுவாக இருக்க வேண்டும். கூடவே பவளத்தின் சதையில் உள்ள ஒளிரும் புரதங்கள் நீலத்தை வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் திருப்பிக் கொடுக்கும், ராத்திரி நீலத்தில் ஸோவா ஜொலிப்பது அதனால்தான். பெட்டியில் 10,000, 14,000, 20,000 கெல்வின் என்று போட்டிருப்பது நம் கண்ணுக்கு அது எவ்வளவு நீலமாகத் தெரியும் என்பதைச் சொல்லும், அவ்வளவுதான், வளர்ச்சியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வெள்ளையை எவ்வளவு கலப்பது என்பது உங்கள் ரசனை. நான் பகலில் கொஞ்சம் வெள்ளை கலந்து மீன்களின் இயல்பான நிறம் தெரிகிற மாதிரி வைத்து, சாயங்காலம் நீலத்துக்கு இறக்கும் கட்சி. சிவப்பு, பச்சை சேனல்கள் உங்கள் லைட்டில் இருந்தால் அவற்றை மிகக் குறைவாக வையுங்கள், நிறம் சரிக்கட்டுவதற்கு மட்டும்.

இதையொட்டி ஒரு சின்ன விஷயம். கடையில் பவளம் வாங்கும்போது அங்கே முழு நீலத்தில்தான் காட்டுவார்கள். வெள்ளையைக் கொஞ்சம் போடச் சொல்லிக் கேளுங்கள். நீலத்தில் எல்லாமே அழகு. வெள்ளையில்தான் சதை விலகி எலும்பு தெரிகிறதா, நுனி வெளுத்திருக்கிறதா என்பது தெரியும்.

வெளிச்சத்தை அளக்க கைப்பேசியில் லக்ஸ் ஆப் போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, 555 நானோமீட்டர் பச்சைக்குத்தான் அது முழு மதிப்பெண் போடும், நீலத்துக்குக் கொஞ்சம்தான். சூரிய ஒளியில் லக்ஸை 54-ஆல் வகுத்தால் பார் ஓரளவு வரும், அந்தக் கணக்கை நீல எல்இடி-யில் போட்டால் இருப்பதைவிட மிகக் குறைவாகக் காட்டி, நீங்கள் லைட்டை மேலும் ஏற்றிவிடுவீர்கள். அளப்பதாக இருந்தால் தண்ணீருக்குள் விடக்கூடிய பார் மீட்டர்தான். அப்போஜி எம்க்யூ-510 அதற்கென்றே உள்ளது. அந்தக் கம்பெனியின் பழைய எம்க்யூ-200 நீலத்தைக் குறைத்துக் காட்டும். வாங்க வேண்டாம், விலை அதிகம், வருடத்துக்கு இரண்டு தடவைதான் தேவைப்படும். வாடகைக்கு விடும் கடையைத் தேடுங்கள், அல்லது ஏற்கெனவே வைத்திருக்கிற நண்பரிடம் ஒரு நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

கறுப்புப் பெட்டிக்கு வருகிறேன். 165 வாட் என்றால் 3 வாட் டையோடு 55 இருக்கிறது என்ற பெருக்கல் கணக்கு, அவ்வளவுதான். பிளக்கில் வாட் மீட்டர் போட்டுப் பார்த்தால் 110, 120 பக்கம்தான் இழுக்கும், டையோடுகளை முழு வேகத்தில் ஓட்டினால் சூடு தாங்காது என்பதால் குறைத்தே ஓட்டுகிறார்கள். அது தவறில்லை, அந்த லைட்டில் பவளம் வளரும், வளர்த்துக்கொண்டிருக்கிறவர்கள் ஏராளம். ஆனால் ஒன்று வாங்கினால் 90 செ.மீ. நீளத்தின் இரண்டு ஓரமும் மங்கும். இரண்டு வாங்கினால் 45 செ.மீ. ஆழத்துக்கு அது ரொம்பவே அதிகம், குமிழைக் கீழே திருகி வைத்துத்தான் ஓட்ட வேண்டும், சில மலிவான பெட்டிகள் அடிமட்டத்தில் நிதானமாக எரியாது. பெரும்பாலான மாடலில் நீலம் ஒரு குமிழ், வெள்ளை ஒரு குமிழ், காலையில் மெல்ல ஏறி இரவில் மெல்ல இறங்கும் வசதி கிடையாது, பட்டென்று முழு வெளிச்சத்தில் எரியும், பட்டென்று அணையும். இரண்டடித் தொட்டியில் சாஃப்ட் கோரல் மட்டும் வைக்கிறேன் என்று நீங்கள் கேட்டிருந்தால் தாராளமாக வாங்குங்கள் என்றிருப்பேன்.

மெட்டல் ஹேலைடு தருகிறவர் நல்ல மனசோடுதான் தருகிறார். ஒரு காலத்தில் நல்ல எஸ்பிஎஸ் தொட்டிகள் எல்லாம் அதில்தான் நின்றன, அதன் அலையாடும் ஒளி இன்னமும் எனக்குப் பிடிக்கும். ஆனால் கணக்குப் போடுங்கள். பல்பு 250 வாட், அதற்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தித் தரும் பேலஸ்ட்டையும் சேர்த்தால் அதைவிடக் கூட. ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்றால் இரண்டரை யூனிட், மாதம் 75 யூனிட், யூனிட்டுக்கு ஏறத்தாழ 30 காசு என்று வைத்தால் 22, 23 வெள்ளி. இரண்டு எல்இடி-யைப் பாதிச் சக்தியில் ஓட்டி மொத்தம் 90 வாட் இழுத்தால் 7, 8 வெள்ளியோடு முடியும். இது பாதிக் கதைதான். லைட் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் உங்கள் ஹாலில் சூடாகத்தான் முடிகிறது, அதில் கணிசமான பங்கு நேராகத் தண்ணீரில் இறங்கும். பகலில் 30, 31 டிகிரி இருக்கும் வீட்டில் தொட்டியை 26-ல் வைக்க சில்லர் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும், அதன் தலையில் இன்னொரு 250 வாட்டை ஏற்றுகிறீர்கள். பல்பை ஒரு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், நல்ல பல்பு கிடைப்பதும் குறைந்துகொண்டே வருகிறது. டி5-க்கும் இதே சிக்கல். பாதரசம் உள்ள குழல் விளக்குகளை உலகம் முழுக்கக் கைவிட்டு வருகிறார்கள், இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவரை அதில் இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பல்பு கிடைக்கும் வரை தாராளமாக ஓட்டலாம்.

ஆக எந்த எல்இடி? ஏஐ பிரைம், ரேடியன் எக்ஸ்ஆர்15, ரெட் சீ ரீஃப்எல்இடி 90, கெசில் ஏ360 இவையெல்லாம் ஒரு லைட்டுக்கு ஏறத்தாழ இரண்டடிச் சதுரம் என்ற கணக்கில் செய்யப்பட்டவை, எஸ்பிஎஸ் வைத்தால் அதைவிடக் கொஞ்சம் குறைத்துக் கணக்குப் போட வேண்டும். உங்கள் 90-க்கு 45 தொட்டியில் இரண்டு போட்டால் ஒவ்வொன்றுக்கும் 45 செ.மீ. சதுரம்தான் வருகிறது, இதைவிடச் சௌகரியமாக அமையாது. இவற்றில் பிரைம் சின்னது, 60 வாட்டுக்குள், உங்கள் பட்ஜெட்டுக்கு இரண்டு புதிதாக வாங்க நெருக்கமாக வருவது அதுதான், முதல் வருடப் பவளங்களுக்குப் பாதிச் சக்தியே போதும், அக்ரோபோராவைப் பாறை உச்சியில் வைத்தால் அதற்கும் சமாளிக்கும். மற்ற மூன்றும் 90, 100 வாட் வகை, எதிர்காலத்துக்கு இன்னும் இடம் இருக்கும், புதிதாக இரண்டு எடுத்தால் 800 தாண்டிவிடும். கெசில் மற்றவற்றிலிருந்து ஒரு விஷயத்தில் வேறு: டையோடுகளை எல்லாம் ஒரே புள்ளியில் நெருக்கி வைத்திருப்பதால் நிறம் கலந்து வரும், தனித்தனி டையோடு லைட்டில் மணல் மேல் சிவப்பும் பச்சையும் தனித்தனியாக ஆடுவது போல் இதில் தெரியாது. அந்த ஆட்டம் உங்கள் கண்ணை உறுத்தும் என்றால் கெசில், இல்லையென்றால் கவலை வேண்டாம்.

கேரோசல் என்ற இணையச் சந்தையில் பழையது தேடுவதும் நல்ல வழி, இந்தப் பொழுதுபோக்கை விட்டுவிட்டுப் போகிறவர்கள் முதலில் விற்பது லைட்டைத்தான். எல்இடி டையோடு 50,000 மணி நேரம் என்பார்கள், நாளைக்குப் பத்து மணி நேரம் என்றாலும் பதின்மூன்று வருடத்துக்கு மேல் வரும். அதற்கு வெகு முன்னாலேயே போவது ஃபேனும், டையோடுகளுக்கு மின்சாரம் தரும் டிரைவரும்தான், காரணம் உப்பு. நேரில் போய்ப் பாருங்கள். லைட்டைத் தலைகீழாகத் திருப்பி ஃபேன் கிரில்லில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கிறதா, ஸ்க்ரூத் தலையில் பச்சையோ பழுப்போ ஏறியிருக்கிறதா, லென்ஸ் மஞ்சளாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சேனலையும் தனியாக 5 சதவீதத்தில் எரியவிட்டுக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் செத்த டையோடு உடனே தெரிந்துவிடும், முழு வெளிச்சத்தில் அது மறைந்துபோகும். அப்புறம் முழுச் சக்தியில் பத்து நிமிடம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள், ஹாலில் நீங்கள் டிவி பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் அது சாயங்காலம் முழுக்கக் கொரகொரவென்று ஓடப்போகிறது. விற்பவர் தன் கணக்கிலிருந்து லைட்டை விடுவித்துத் தந்தாரா என்பதையும் அங்கேயே உறுதிசெய்துகொள்ளுங்கள், ஆப்பில் பழைய சொந்தக்காரர் பேரிலேயே மாட்டிக்கொண்டால் வீட்டுக்கு வந்தபின் தலைவலி.

மாட்டும் உயரம் தண்ணீர்ப் பரப்பிலிருந்து 20 முதல் 30 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். உயர்த்தினால் பரவல் கூடும், உச்சிப் பாறையில் வெளிச்சம் குவியும் புள்ளி மட்டுப்படும், ஆனால் பக்கவாட்டில் வழிந்து சோபாவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் அடிக்கும். தாழ்த்தினால் உப்புத் தெறிப்பு லென்ஸில் ஏறும். வாடகை வீடு என்றால் கூரையில் துளை போட முடியாது, தொட்டியின் பின்கண்ணாடியைப் பிடித்து லைட்டைத் தாங்கும் கை போதும். உங்களுடையது விளிம்பில்லாத தொட்டி, மீன் குதிக்கும் என்பதால் மூடி வேண்டும். கண்ணாடி, அக்ரிலிக் மூடிகளில் ஒரே வாரத்தில் உப்புப் படலம் கட்டி வெளிச்சத்தைத் தின்றுவிடும், வலை மூடி அந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். லைட்டின் அடிக் கண்ணாடியை வாரம் ஒரு முறை ஆர்ஓ நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள், லைட்டை அணைத்து ஆறிய பிறகு.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால் அடாப்டரில் சிங்கப்பூர் பாதுகாப்புக் குறி இருக்கிறதா, மூன்று முனைப் பிளக் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். பிளக்குக்குப் போகும் வயர் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், வழியும் உப்புநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. 1985-க்கு முன் கட்டிய வீடு என்றால் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்தியிருக்கிறதா என்பதை மின்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் லைட்டை வாங்குங்கள்.

லைட் வந்துவிட்டது, மாட்டியாகிவிட்டது. இனிதான் முக்கியமான வேலை, பொறுமையாக இருப்பது. மூன்று மாதத் தொட்டி இன்னும் பழுப்புப் பாசி, பச்சைப் பாசி எல்லாம் வந்துபோகும் பருவத்தில் இருக்கும். முதல் வாரம் 30 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். வாரத்துக்கு 5 சதவீதம் என்று ஏற்றுங்கள். மணல் மட்டத்தில் 80, 100 பார், பாறை நடுவில் 150 வந்ததும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பகலில் வேலைக்குப் போகிறவர் என்றால் லைட்டைக் காலை ஏழுக்கு ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. நண்பகல் பன்னிரண்டுக்கு ஏற ஆரம்பித்து, இரவு ஒன்பதுக்கு இறங்கி முடிகிற மாதிரி வைத்தால் நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் தொட்டி உயிரோடு இருக்கும், பவளத்துக்கு எல்லாம் ஒன்றுதான். நேரத்தை நாளுக்கு நாள் மாற்றாதீர்கள். விடிய விடிய நீல நிலா வெளிச்சமும் தேவையில்லை, இருட்டும் அவற்றுக்கு வேண்டும்.

புதிதாக வாங்கிவரும் ஃபிராக் (வெட்டியெடுத்த பவளத் துண்டு) எதுவானாலும், கடைக்காரர் எவ்வளவு வெளிச்சத்தில் வைத்திருந்தார் என்று தெரியாத வரை, முதலில் மணலில் ஓரமாக வையுங்கள். இரண்டு மூன்று வாரம் அங்கேயே இருக்கட்டும், அப்புறம் மெல்ல மேலே. பவளம் வாய் திறந்து சொல்லாது, ஆனால் காட்டும். ஹேமரைப் பாருங்கள்: வெளிச்சம் சரியாக இருந்தால் கூடாரம் மாதிரி விரிந்து எலும்பின் விளிம்பையே மறைத்துக்கொண்டு நிற்கும். அதிகமானால் தசை உள்ளே சுருங்கி அந்தக் கூர்மையான வெள்ளை விளிம்பு வரிசையாக வெளியே தெரியும், நுனிகளில் இருந்த பச்சை வெளிறும். மஷ்ரூம் அதிக வெளிச்சத்தில் காசு அளவுக்குச் சுருங்கி ஓரத்தை மடித்துக்கொள்ளும், சில சமயம் பாறையை விட்டே கழன்று நிழலைத் தேடி மிதந்துபோய்விடும். வெளிச்சம் போதாவிட்டால் எதிர்த் திசையில் நடக்கும். உள்ளே பாசி பெருகி நிறம் எல்லாம் பழுப்பாகும், ஸோவாவின் காம்பு நீண்டு முகம் சின்னதாகும். இதில் பழுப்பானது திரும்பி வரும், அவசரமில்லை. வெளுத்துப்போனதைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. அதனால்தான் சந்தேகம் வந்தால் குறைத்து வையுங்கள் என்கிறேன்.

ஏதாவது சரியில்லை என்றால் லைட்டை மட்டும் குற்றம் சொல்லிவிடவும் வேண்டாம். ஹேமர் சுருங்குவது நீரோட்டம் நேராக முகத்தில் அடிப்பதாலும் இருக்கலாம், தண்ணீரின் ஆல்கலினிட்டி (காரத்தன்மை அளவு) ஏறி இறங்கியதாலும் இருக்கலாம். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

அக்ரோபோரா ஆசை பற்றி. லைட்டைப் பொறுத்தவரை உச்சிப் பாறையில் 220, 250 கிடைக்கும்படி ஏற்றினால் போதும். ஆனால் வெளிச்சம் ஏறினால் வளர்ச்சி ஏறும், வளர்ச்சி ஏறினால் தண்ணீரில் உள்ள கால்சியமும் ஆல்கலினிட்டியும் வேகமாகத் தீரும். தீர்ந்ததை அளவாக ஊற்றும் டோசிங் பம்ப் இல்லாமல், வாராவாரம் டெஸ்ட் எடுக்காமல் லைட்டை மட்டும் ஏற்றினால் அக்ரோ நுனியிலிருந்தோ அடியிலிருந்தோ உரிய ஆரம்பிக்கும். லைட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் இருந்தால் அதை அங்கே போடுங்கள்.

இன்னொன்று, ஜொகூரில் மலிவு என்று பவளத்தைப் பையில் போட்டுக்கொண்டு பாலம் தாண்டி வந்துவிடாதீர்கள். கல்பவளம் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் கொண்டுவருவது குற்றம், உள்ளூர்க் கடையில் ரசீதோடு வாங்குங்கள். தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு இது இன்னும் கடுமை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்களும் கடல்விசிறிகளும் இருக்கின்றன, மன்னார் வளைகுடாவிலிருந்து யாரோ எடுத்து வந்து விற்கும் துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். அது உங்கள் தொட்டியில் இருக்க வேண்டிய உயிர் அல்ல.

கடைக்குப் போகும் முன் ஸ்கேலை எடுத்து மூன்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்: பின்கண்ணாடியின் தடிமன், தண்ணீர்ப் பரப்பிலிருந்து உங்கள் பாறையின் உச்சி எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது, தொட்டிக்கு மேலே அலமாரியோ கூரையோ இடிக்காமல் எவ்வளவு இடம் இருக்கிறது. லைட்டைத் தாங்கும் கைகளில் பல குறிப்பிட்ட தடிமன் வரைதான் கண்ணாடியைப் பிடிக்கும், 12 மி.மீ. கண்ணாடிக்கு 10 மி.மீ. பிடி வாங்கினால் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். அந்த மூன்று எண்ணையும் பாறை அமைப்பின் ஒரு படத்தையும் அனுப்புங்கள், இரண்டு லைட்டையும் எந்த இடத்தில் மாட்டலாம் என்று சொல்கிறேன்.